பழைய படகுக்கு மூக்குக் காத்தாடி

உலகத்தில் எத்தனையோ தொழில் இருக்க, கடலிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில் திருநெல்வேலித் தச்சநல்லூரில் உட்கார்ந்துகொண்டு, பழைய மோட்டார் படகுகளுக்குப் பக்கவாட்டில் நடக்கச் சொல்லிக்கொடுக்கும் தொழிலைப் பிடித்தவன் நான் ஒருவன்தான். எனக்குப் போட்டியே கிடையாது. ஏன் போட்டி இல்லை என்று கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்கியிருக்கலாம்.

உங்களிடம் ஒரு பழைய பைக்கோ, பழைய பம்புசெட்டோ, அப்பா காலத்து மச்சு வீடோ இருந்து, அதை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிவிடலாம் என்று நீங்களும் ஒரு நாள் ஸ்பேனரைத் தூக்கியிருந்தால், நான் சொல்லப்போவதில் எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது. ஒரே வித்தியாசம்தான். உங்கள் வீடு ஒழுகினால் தண்ணீர் மேலேயிருந்து வரும். எனக்குக் கீழேயிருந்து வரும்.

பந்தியில் ஒரு கேள்வி

துபாயில் ஒரு படகுப் பட்டறையில் பல வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். பணக்காரர்களின் படகுகளுக்கு த்ரஸ்டர் மாட்டுவது என் வேலை. த்ரஸ்டர் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. படகின் மூக்கில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரு குழாயைச் செருகி, அதற்குள் ஒரு சின்ன விசிறியை, எங்கள் ஊர்ப் பேச்சில் காத்தாடியை, வைப்பது. சுவிட்சை இடது பக்கம் தள்ளினால் மூக்கு இடது பக்கம் போகும், வலது பக்கம் தள்ளினால் வலது பக்கம் போகும். பின்பக்கமும் ஒன்று மாட்டிவிட்டால், காற்று அடித்தாலும், கரையில் கயிறு பிடிக்க ஆள் இல்லாவிட்டாலும், ஒற்றை ஆள் படகை அலுங்காமல் துறையில் அணைத்துவிடலாம். பட்டறையை மூடியபோது, உடைக்கப் போட்டிருந்த ஒரு படகிலிருந்து கழற்றிய இரண்டு த்ரஸ்டர்களை ஊருக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி பார்வதி அவற்றைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே வெங்காயத்தைப் பரப்பிவைத்தாள்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் ரிட்டயர் ஆன அதிகாரி ஒருவர், தூரத்துச் சொந்தம். என்ன வேலை என்று கேட்டார். சாம்பாரில் ஆரம்பித்துப் பாயசம் வரைக்கும் விளக்கினேன். அப்பளத்தைப் படகாக வைத்துக் காட்டினேன். மனிதர் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை, அவ்வளவு கவனமாகக் கேட்டார். இந்த ஊரில் ஒருவருக்காவது புரிந்துவிட்டது என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இலையை மடித்துவிட்டு எழுந்தவர் சொன்னார்: “அதெல்லாம் ரொம்ப நல்லது தம்பி. கிரைண்டர் ரிப்பேர் பாப்பியளா?”

ரெண்டு ஓட்டை

சவரியப்பன் அண்ணாச்சியிடம் என்னை அனுப்பிவைத்தது திருநெல்வேலி டவுனில் மோட்டார் காயில் கட்டும் ஒரு கடைக்காரர். அண்ணாச்சிக்குத் தாமிரபரணி கடலில் விழும் முகத்துவாரத்துப் பக்கம் ஊர். அறுபது தாண்டியவர். நீலப் பெயிண்ட் அடித்த பழைய ஃபைபர் லாஞ்சி ஒன்று வைத்திருந்தார். திருநெல்வேலிப் பக்கமிருந்து அஸ்தி கரைக்க வரும் குடும்பங்களை ஏற்றி, முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குக் கொண்டுபோய், காரியம் முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலில் பூசை காண்கிற கிறிஸ்தவர். ஆனாலும் கலசத்தைக் கையில் வாங்கும்போது செருப்பைக் கழற்றாமல் ஒருநாளும் வாங்கியதில்லை.

கடலில் அவருக்குப் பயம் கிடையாது. துறைதான் எமன். ஆறு ஒரு பக்கம் தள்ளும், கடல்காற்று எதிர்ப்பக்கம் தள்ளும், படகைப் பின்னால் எடுத்தாலோ அது எப்போதும் ஒரே பக்கம்தான் திரும்பும். முன்பு அவருடைய தங்கை மகன் கயிற்றோடு கரைக்குத் தாவி இழுத்துப் பிடித்துக்கொள்வார். அவர் மஸ்கட் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு நாள் படகு விலகி, மறுபடி வந்து இடித்ததில், இறங்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரின் கால் படகுக்கும் துறைக் கல்லுக்கும் நடுவில் சிக்கி எலும்பு நொறுங்கிவிட்டது. தன் அண்ணனுடைய அஸ்தியைக் கரைத்துவிட்டு வந்த மனிதர் அவர். இன்னொரு தரம் இப்படி நடந்தால் துறையில் படகைக் கட்டக் கூடாது என்று ஊர்க் கமிட்டி சொல்லிவிட்டது.

நான் விளக்க விளக்க அண்ணாச்சி படகின் மூக்கைத் தடவிக்கொண்டே கேட்டார். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் வட்டமாக வெட்ட வேண்டும் என்று நான் சொன்னதும் தடவிய கை நின்றுவிட்டது. என்னை மேலும் கீழும் பார்த்தார். “இத்தன வருசமா ஓட்டைய அடைச்சு அடைச்சு இதக் காப்பாத்திட்டு வாரேன். நீரு தச்சநல்லூருல இருந்து பஸ் ஏறி வந்து புதுசா ரெண்டு ஓட்ட போடணும்ங்கீரு, அப்படித்தான வே?”

வெட்டிப் பார்த்தோம்

ஆனாலும் அவர்தான் போன் பண்ணி வரச் சொன்னார். அந்தப் பெரியவரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். படகைக் கரையேற்றி மணலில் முட்டுக் கொடுத்து நிறுத்தினோம். ஃபைபர் வேலைக்கு அதே ஊர்க்காரர் அருள் வந்தார். படகு, தண்ணீர்த் தொட்டி, கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஆட்டுக்குட்டி என்று ஃபைபரில் எதைக் கேட்டாலும் செய்வார். நல்ல வார்த்தை மட்டும் அவர் வாயில் வராது.

அருள் மெஷினை வைத்து முதல் வட்டத்தை வெட்டி எடுத்தார். வெட்டிய இடத்திலிருந்து பழுப்புத் தண்ணீர் வழிந்தது. வழிந்துகொண்டே இருந்தது. உள்ளே வைத்திருந்த பிளைவுட் பலகை ஊறின அதிரசம் மாதிரி விரலோடு வந்தது. அதற்குப் பின்னால் தார், தாருக்குப் பின்னால் சிமெண்ட், சிமெண்டுக்குப் பின்னால் ஏதோ டப்பாவின் மூடி. ஒவ்வொரு வருஷத்து ரிப்பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள், ஆணி அடிக்கலாம் என்று போனால் சுவர் கையோடு வருவதை. உறுதியான இடம் எங்கே இருக்கிறதோ அதுவரைக்கும் வெட்டலாம் என்று நான் சொன்னேன். வெட்டினோம். அண்ணாச்சி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பார்க்க முடியாமல் வீட்டுக்குப் போய்விட்டார். சாயங்காலம் படகுக்கு மூக்கே இல்லை. அருள் மெஷினை அணைத்து, முகத்தில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். “அண்ணே, இதுக்குள்ள படகுன்னு ஒண்ணும் கெடையாது. இத்தன நாளும் பெயிண்டுதான் படகு மாதிரி நின்னுருக்கு.”

சார்ஜ்

மூக்கை அருள் புதிதாகவே கட்டினார், முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்கு தடிமனில். முன்னால் ஒரு த்ரஸ்டர், பின்பலகையில் ஒன்று. த்ரஸ்டர் ஓடுவது கொஞ்ச நேரம்தான் என்றாலும் அதற்குள் மின்சாரத்தை மடமடவென்று குடித்துவிடும். அதனால் லாரிக்குப் போடும் பெரிய பேட்டரிகளை மூக்குக்குள்ளேயே வைத்தேன். இந்த பேட்டரி காத்தாடிக்கு மட்டும்தான், வேறு எதற்கும் தொடக் கூடாது என்று அண்ணாச்சியிடம் தலையில் அடிக்காத குறையாகச் சொன்னேன். அவரும் அப்படியே ஆகட்டும் என்றார்.

அடுத்த வாரம் போனால் பேட்டரியிலிருந்து புடலங்கொடி மாதிரி வயர்கள் தொங்கின. ஒன்றில் லைட்டு. மற்றதெல்லாம் போன் சார்ஜர், அஸ்தியோடு வந்து துறையில் வேறு படகுக்குக் காத்திருந்தவர்களுக்காக. பேட்டரி செத்துக் கிடந்தது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. வயரை எல்லாம் பிடுங்கினேன். அண்ணாச்சி தடுக்கவில்லை. பிடுங்கிய சார்ஜர்களை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “தகப்பன எரிச்ச கையோட வந்து நிக்கான். சொந்தக்காரங்களுக்குத் தகவல் சொல்லிச் சொல்லிப் போன் செத்துப் போச்சுங்கான். இது காத்தாடிக்கு மட்டும்தாம்லேன்னு எந்த வாயால வே சொல்லச் சொல்லுதீரு?”

நண்டு நடை

வெள்ளோட்டம் பார்க்கிற அன்றைக்குத் துறையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அண்ணாச்சி சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். நடு ஆற்றில் படகை நிறுத்தி, என்ஜினை அணைத்து, முன் சுவிட்சையும் பின் சுவிட்சையும் ஒரே பக்கம் தள்ளச் சொன்னேன். படகு கொஞ்சம் யோசித்தது. பிறகு முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல், நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தது. கரையில் ஓவென்று சத்தம். எதிரெதிராகத் தள்ளினால் நின்ற இடத்திலேயே சுற்றும் என்று சொன்னேன். தள்ளினார், சுற்றியது. மறுபடி தள்ளினார். அந்த மனிதர் சத்தம் போட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். துபாயில் எத்தனையோ படகுகளுக்கு மாட்டியிருக்கிறேன், ஒருத்தரும் சிரித்ததில்லை.

அந்தச் சிரிப்போடு துறைக்கு வந்தோம். பைய, பைய என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் சுவிட்சிலிருந்து கையை எடுக்க மறந்துவிட்டார். புது மூக்கு துறைக் கல்லில் போய் நன்றாக ஒரு இடி இடித்தது. அருள் கட்டின மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, கல்தான் பெயர்ந்தது. கூட்டத்தில் கூடையோடு நின்றிருந்த மீன்காரம்மா ஒருத்தி சொன்னாள். “இத்தன நாளும் அண்ணாச்சி நேராப் போயித்தான் இடிப்பாவ. இனிமே சைடுலயும் போயி இடிக்கலாம்.”

திரும்பி வந்த மாலை

பழகியதும் அண்ணாச்சிக்குக் கை படிந்துவிட்டது. சுவிட்சைத் தட்டித் தட்டி விடுவார், குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுகிற மாதிரி. ஊர் அதற்கு மூக்குக் காத்தாடி என்று பெயரும் வைத்துவிட்டது. முதல் நடை, திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு குடும்பம். ரிட்டயர் ஆன தலைமையாசிரியர் ஒருவரின் அஸ்தி, கூட மூன்று மகன்கள். நானும் படகில் இருந்தேன். முகத்துவாரம் தாண்டி, அலையில் படகு திரும்பிவிடாமல் இருக்க அண்ணாச்சி காத்தாடியை விட்டு விட்டு ஓட்டினார். மகன்கள் கலசத்தைக் கவிழ்த்தார்கள். பூவைத் தூவினார்கள். போட்டோவுக்குப் போட்டிருந்த ரோஜா மாலையை மூத்த மகன் தண்ணீரில் விட்டார். மாலை மிதந்து படகின் மூக்குப் பக்கம் போனது. அண்ணாச்சி சுவிட்சைத் தட்டினார். கர்ரென்று ஒரு சத்தம். அதோடு காத்தாடி நின்றுவிட்டது.

நீங்கள் யோசித்திருப்பீர்கள். நான் யோசிக்கவில்லை. துபாயில் யாரும் கடலில் மாலை போடுவதில்லை. திரும்பி வரும்போது பழையபடி இடித்துத்தான் துறையில் அணைந்தோம். நல்லவேளையாக யாருக்கும் அடியில்லை. அருள் தண்ணீரில் இறங்கி, குழாய்க்குள் கையை விட்டு இழுத்தார். ரோஜாவெல்லாம் போய் வெறும் நாரும் ஜிகினாவுமாக மாலை முழம் முழமாக வெளியே வந்தது. மூத்த மகனின் முகம் வெளிறிவிட்டது, ஏதோ கெட்ட சகுனம் என்று அழ ஆரம்பித்தார். கடைசி மகன்தான் அந்த நாரைக் கையில் வாங்கிச் சுருட்டிக்கொண்டு சொன்னார்: “அழாதண்ணே. அப்பா உசுரோட இருக்கும்போதும் இப்படித்தான. எதக் கொண்டு குடுத்தாலும், எனக்கு எதுக்குடே, நீங்களே வச்சிக்கிடுங்கன்னு திருப்பிக் குடுத்திருவாவ.”

தெப்பத்துக்கு ஒன்று

இந்தச் செய்தி எப்படியோ பரவி, எனக்கும் இரண்டொரு போன்கள் வந்தன. அதில் ஒன்று ஒரு கோயில் தெப்பத்திருவிழாக் கமிட்டியிலிருந்து. தெப்பத்தை வடம் பிடித்து இழுக்க ஆள் குறைந்துபோனதாம், நாலு மூலையிலும் காத்தாடி மாட்டினால் சாமி தானாகச் சுற்றுமா என்று கேட்டார்கள். தாராளமாகச் சுற்றும் என்றேன். குளத்தைப் போய்ப் பார்த்தேன், வரைந்து காட்டினேன். அப்போதே என் வாழ்க்கை திரும்பிவிட்டதாக நினைத்துப் பார்வதியிடம் பெருமையாகச் சொல்லியும்விட்டேன். கமிட்டியில் மூத்தவர் மறுநாள் போன் பண்ணினார். “யோசிச்சுப் பாத்தோம் தம்பி. காத்தாடி நின்னு போச்சுன்னா, சாமிய நடுக் கொளத்துல வச்சிக்கிட்டு தச்சநல்லூருக்குப் போன் போட முடியாதுல்லா?”

அருளின் கை

மாலை உள்ளே போகாமல் இருக்கக் குழாய் வாயில் இரும்புக் கம்பிச் சல்லடை வைத்தோம். அப்போதுதான் மழைக்காலம் வந்தது. ஆற்றில் வெள்ளம் வந்தால் மேற்கேயிருந்து அமலைச் செடி, அதாவது ஆகாயத்தாமரை, முழுவதும் எங்கள் துறைக்குத்தான் வந்து சேரும். பாய் பாயாக வரும். சல்லடைக்குள் வேர் நுழைந்து விசிறியில் சுற்றிக்கொண்டது. அருள் நெஞ்சளவு தண்ணீரில் நின்று, சல்லடையைக் கழற்றி, முழங்கை வரை கையை உள்ளே விட்டு வேரை அறுத்துக்கொண்டிருந்தார். யாரும் சுவிட்சைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு நான் பின்பக்கம் குறடு எடுக்கப் போனேன். அண்ணாச்சி உதவிதான் செய்ய நினைத்தார். வேர் விட்டுவிட்டதா என்று பார்க்கச் சுவிட்சைத் தட்டினார்.

டக்கென்று சுவிட்ச் சத்தம் எனக்குக் கேட்டது. அருளுக்கும் கேட்டது. நான் முன்னால் ஓடிவந்து பார்க்கும்போது அவர் கையைப் பைய வெளியே எடுத்து, விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். விசிறி அசையவே இல்லை. பேட்டரி காலி. அண்ணாச்சி மறுபடி சார்ஜரை மாட்டிவிட்டதில், முந்தின நாள் வந்த குடும்பத்தின் போன்களெல்லாம் அதில்தான் சார்ஜ் ஏறியிருந்தன. அண்ணாச்சி படகிலேயே உட்கார்ந்துவிட்டார். அருள் கரையேறி, ஈரத்தோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: “அண்ணாச்சி, இனிமே யாரு போனக் கொண்டுவந்தாலும் இல்லன்னு சொல்லாதிய. நல்லா சார்ஜ் போட்டுக் குடுங்க.”

காற்று இல்லாத நாள்

ஆடி மாதம் என் மாமனார் காலமானார். அஸ்தியைக் கடலில்தான் கரைக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவைத்திருந்தார். என் அத்தை, அதாவது அவர் மனைவி, நானும் படகில் வருவேன் என்றார். முழங்கால் தேய்ந்து, வீட்டு வாசற்படி இறங்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும். பெண்கள் வருகிற வழக்கம் இல்லை என்று சொந்தக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அத்தை காரில் போய் ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் முந்தின நாளே போய்ச் சல்லடையைச் சுத்தம் செய்து, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, அருளின் கை தப்பியதிலிருந்து சுவிட்சுக்குப் போட்டிருந்த பூட்டைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

ஆடிக் காற்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்குத் துறையில் மணலை வாரி முகத்தில் இறைத்தது. கொடிக்கம்பத்துக் கயிறு கம்பத்தில் பட்டுப் படபடவென்று அடித்துக்கொண்டது. திரும்பி வரும்போது நான் படகுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆள் அகலம். ஒரு கால் அகலம். பிறகு தண்ணீரே தெரியவில்லை. அண்ணாச்சி இரண்டு சுவிட்சிலும் விரலை வைத்துக்கொண்டு, காத்தாடிகள் முனக முனக, படகைக் கல்லோடு ஆணி அடித்த மாதிரி நிறுத்திவிட்டார். பார்வதி அத்தையின் கையைப் பிடித்தாள். அத்தை கீழே குனிந்துகூடப் பார்க்காமல், அடுக்களையிலிருந்து கூடத்துக்குப் போகிற மாதிரி காலை எடுத்து வைத்து இறங்கிப் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமாவை நினைத்து அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். என் மனைவியின் அண்ணன், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், என் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். “நல்லவேள மாப்பிள, இன்னைக்குக் காத்தே இல்ல. காத்து மட்டும் இருந்திருந்தா அம்மாவ எறக்கியிருக்க முடியாது.”

மணல்

அடுத்த வருஷம் மழை சரியில்லை. ஆற்றில் தண்ணீர் குறைந்து, கடல் தள்ளிய மணல் முகத்துவாரத்தில் மேடாக ஏறியது. மற்ற படகுகளெல்லாம் எப்படியோ நுழைந்து போயின. அண்ணாச்சியின் படகு மட்டும் தட்டியது. தடிமனான புது மூக்கு, அதில் லாரி பேட்டரிகள், த்ரஸ்டர், எல்லாமாகச் சேர்ந்து படகின் முன்பக்கம் முன்பைவிட ஆழமாக அமிழ்ந்திருந்தது. ஒரு நாள் கலசத்தோடு வந்த குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, துறை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மணலில் ஏறி நின்றுவிட்டது. காத்தாடியைப் போட்டால் சேறுதான் கலங்கியது. மெல்லிசான ஃபைபர் வள்ளம் ஒன்று வந்து, அவர்களை இரண்டு நடையாக ஏற்றிக் கொண்டுபோனது. அது துறைக்கே போகவில்லை. நேராகக் கரை மணலில் ஏறி நின்றது, எல்லாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள். அன்றைக்குப் பிறகு அஸ்தியோடு வருகிறவர்கள் அந்த வள்ளத்தைத்தான் கேட்டார்கள்.

போன் வந்ததும் பஸ் ஏறிப் போனேன். பேட்டரியைப் பின்னால் மாற்றிவிடலாம், மூக்கைக் கொஞ்சம் இழைக்கலாம் என்று என்னென்னவோ சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணாச்சி மணலில் சாய்ந்து கிடந்த படகைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. “காத்தாடி மேல குத்தம் சொல்லப்படாது வே. ஆறு மெலிஞ்சு போச்சு, நம்ம மூக்கு தடிச்சுப் போச்சு. அம்புட்டுதான்.”

நாலுவழிச் சாலையில்

படகை வாங்க ஒருவர் வந்தார். கங்கைகொண்டானுக்குப் பக்கத்தில் நாலுவழிச் சாலையோரம் புதிதாக மீன் சாப்பாட்டு ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்தார். வாசலில் நிறுத்த ஒரு நிஜப் படகு வேண்டுமாம். கிரேன் வைத்து லாரியில் தூக்கிப்போட்டு, ஆற்றுக்கும் கடலுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு வடக்கே கொண்டுபோனார்கள். அண்ணாச்சி இப்போது அந்த வள்ளக்காரரோடு போகிறார். கலசத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருக்கும் வேலை. அவர் வந்தால்தான் சரியாக இருக்கும் என்று சில குடும்பத்தார் கேட்கிறார்களாம்.

ஹோட்டல்காரர் என்னையும் கூப்பிட்டுவிட்டார். மூக்கில் இருந்த காத்தாடி கலர் லைட்டோடு சுற்ற வேண்டும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்றார். தண்ணீரில் ஓட வேண்டியதைக் காற்றில் ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று சொன்னேன். தேயட்டும் என்றார். திறப்பு விழாவுக்கு அண்ணாச்சியும் வருவேன் என்றதால் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனேன். படகைச் சுற்றிப் புல் பதித்திருந்தார்கள். மேலே நான்கு மேசை போட்டு, ஆட்கள் உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஹோட்டல்காரர் சுவிட்சைப் போட்டார். காத்தாடி ஒரு தடங்கலும் இல்லாமல், நான் மாட்டிய நாளிலிருந்து ஒருநாளும் சுற்றாத அழகோடு சுற்றியது. சிவப்பு, பச்சை, நீலம். அண்ணாச்சி அருள் கட்டின மூக்கைக் கையால் ஒரு தரம் தடவிப் பார்த்தார். லாரிகள் போகிற சத்தத்தில் அவர் பேசியது எனக்கு முதலில் சரியாகக் கேட்கவில்லை, குனிந்து கேட்டேன். “எடம் நல்ல எடம்தான் வே. இங்கன எதுலயும் இடிக்காதுல்லா.”

ஆக, சொந்த ஊரில் தொழில் தொடங்கி இதுவரைக்கும் நான் மாட்டிய த்ரஸ்டர்கள் தார் ரோட்டோரமாக நல்லபடியாக இருந்துகொண்டிருக்கின்றன, தண்ணீரில் ஓடுகிற படகுக்கு வேண்டும் என்று யாராவது விசாரித்தால் எனக்குச் சொல்லியனுப்புங்கள்.